ஆங்கிலத்தில் இரட்டை இணைப்புச் சொற்கள்: பெயருக்கு முன்னா, பின்னா?

திருமங்கலத்திலிருந்து போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. 'போத் – அண்ட்', 'ஐதர் – ஆர்', 'நைதர் – நார்', 'நாட் ஒன்லி – பட் ஆல்சோ' போன்ற ஜோடிச் சொற்களைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் எழுத வேண்டுமா, பின்னால் எழுத வேண்டுமா? 'மதுரை அண்ட் தேனி போத் டிஸ்ட்ரிக்ட்ஸ் காட் ரெயின்' என்று அவர் எழுதியதைப் பயிற்சி வகுப்பில் அடித்துவிட்டார்கள். ஆனால் 'எ சிட்டி போத் ஓல்ட் அண்ட் பிஸி' என்ற தொடரில், 'சிட்டி' என்ற பெயருக்குப் பின்னால் 'போத்' நிற்பதை மட்டும் சரி என்கிறார்கள். இவற்றில் எது விதி, எது விதிவிலக்கு என்பது அவருடைய ஐயம்.

விதிவிலக்கு என்று எதுவும் இல்லை. இரண்டும் ஒரே விதிக்குள் அடங்குபவைதாம். ஜோடியின் முதல் சொல், இணைக்கப்படும் பகுதி இந்த இடத்தில் தொடங்குகிறது என்று முன்கூட்டியே அறிவிக்கும் சொல். இரண்டு பெயர்களை இணைக்கும்போது அது முதல் பெயருக்கு முன்னால் வரும். ஒரே பெயரைப் பற்றிய இரண்டு செய்திகளை இணைக்கும்போது, அந்தப் பெயர் முடிந்த பிறகு, செய்தி தொடங்கும் இடத்தில் வரும். ஆகவே 'முன்னா, பின்னா' என்று கேட்பதைவிட, 'நான் எதையும் எதையும் இணைக்கிறேன்' என்று கேட்டுக்கொள்வதே பயன் தரும். அதற்கு விடை தெரிந்துவிட்டால் இடம் தானாக அமைந்துவிடும்.

நம்மவர்களுக்கு இது தடுமாறுவதற்கு அறியாமை காரணமல்ல. தமிழ் இணைப்பைச் சொல்லின் இறுதியில் வைக்கிறது. 'மல்லியும் பிச்சியும்', 'முருகனோ செல்வியோ', 'மேலூருக்காவது நத்தத்துக்காவது' என்று ஒவ்வொரு சொல்லும் முடிந்த பிறகே 'உம்', 'ஓ', 'ஆவது' ஆகியவை வந்து ஒட்டுகின்றன. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது 'போத்' என்ற சொல்லும் அந்தப் பழக்கத்திலேயே பெயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. 'ஐதர்' அந்த அளவுக்குத் தொல்லை தருவதில்லை. ஏனெனில் 'ஒன்று நீ வா, இல்லாவிட்டால் தம்பியை அனுப்பு' என்று நாம் பேசும்போது 'ஒன்று' என்ற சொல் முன்னாலேயே நின்று, தேர்வு ஒன்று வரப்போவதை அறிவித்துவிடுகிறது. 'ஐதர்' செய்வதும் அதே வேலைதான். அதை 'ஐதர்' என்று உச்சரிப்பதா 'ஈதர்' என்று உச்சரிப்பதா என்பதில் வகுப்பறைகளில் வீணாகும் நேரத்துக்குத் தேவையே இல்லை; இரண்டும் ஏற்கப்பட்ட உச்சரிப்புகளே.

இனி, அடிக்கப்பட்ட வாக்கியத்தைப் பார்ப்போம். 'மதுரை, தேனி ஆகிய இரு மாவட்டங்களிலும் மழை பெய்தது' என்பது குற்றமற்ற தமிழ். அதில் 'ஆகிய' என்ற சொல் ஊர்ப் பெயர்களையும் 'இரு மாவட்டங்கள்' என்ற தொகைப் பெயரையும் கட்டிவைக்கிறது. ஆங்கில வாக்கியத்தில் அந்தக் கட்டு இல்லை. 'மதுரை அண்ட் தேனி' என்று ஒரு எழுவாய் முடிந்தவுடன், 'போத் டிஸ்ட்ரிக்ட்ஸ்' என்று இன்னொரு எழுவாய் அதன்மேல் ஏறிக்கொள்கிறது. 'போத் மதுரை அண்ட் தேனி டிஸ்ட்ரிக்ட்ஸ் காட் ரெயின்' என்று எழுதியிருந்தால் யாரும் அடித்திருக்க மாட்டார்கள். 'மதுரை அண்ட் தேனி போத் காட் ரெயின்' என்று எழுதியிருந்தாலும் அடித்திருக்கக் கூடாது.

இந்த இரண்டாவது திருத்தத்தில் 'போத்' பெயர்களுக்குப் பின்னால்தானே நிற்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பள்ளியில் படித்த எண்ணும்மையையும் முற்றும்மையையும் இங்கே நினைவுபடுத்திக்கொண்டால் விளங்கிவிடும். 'முருகனும் செல்வியும் வந்தார்கள்' என்பதில் உள்ளது எண்ணும்மை. அது பொருள்களை எண்ணி இணைக்கிறது. 'இருவரும் வந்தார்கள்' என்பதில் உள்ளது முற்றும்மை. இருப்பவர் இருவர், அவர்களில் ஒருவரும் விடுபடவில்லை என்று அது முடித்துச் சொல்கிறது. ஆங்கிலத்தில் 'போத்' என்ற ஒரே சொல் இந்த இரண்டு வேலைகளையும் பார்க்கிறது. 'போத் முருகன் அண்ட் செல்வி கேம்' என்பதில் அது 'அண்ட்' என்ற சொல்லுக்குத் துணையாக வந்த இணைப்புச் சொல். 'முருகன் அண்ட் செல்வி போத் கேம்' என்பதில் இணைக்கும் வேலையை 'அண்ட்' தனியாகவே முடித்துவிட்டது. 'போத்' வெறும் 'இருவரும்' என்ற பொருளில் வினைக்கு அருகில் போய் நிற்கிறது.

முற்றும்மைப் பொருளில் வரும் இந்த 'போத்' எங்கே வேண்டுமானாலும் நிற்காது. முதன்மை வினைக்கு முன்னால், துணைவினை இருந்தால் அதற்குப் பின்னால் என்பது அதன் இடம்: 'முருகன் அண்ட் செல்வி ஹேவ் போத் கம்'. செயப்படுபொருளாக வரும் பெயர்களுக்குப் பின்னால் அதைத் தொங்கவிடுவது எழுத்தில் அழகாக இருப்பதில்லை. 'ஐ பாட் மல்லி அண்ட் பிச்சி போத்' என்று பேச்சில் கேட்கிறோம். தேர்வுத்தாளில் 'ஐ பாட் போத் மல்லி அண்ட் பிச்சி' என்றே எழுதுங்கள். செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாக இல்லாமல் 'தெம்', 'அஸ்' போன்ற பிரதிப்பெயராக இருந்தால் நிலைமை வேறு. 'ஐ சா தெம் போத்' என்பது முற்றிலும் சரி. அதேபோல் 'தி போத் பிரதர்ஸ்' என்று நம் பக்கத்தில் பலர் எழுதுகிறார்கள். 'போத்' எப்போதும் 'தி' என்ற சொல்லுக்கு முன்னால்தான் வரும்: 'போத் தி பிரதர்ஸ்'.

இடம் சரியா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. நான் வகுப்பில் எல்லாருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஜோடியின் முதல் சொல்லில் தொடங்கி இரண்டாம் சொல் வரைக்கும் உள்ள எல்லாவற்றையும் விரலால் மூடிவிட்டு, மிச்சம் இருப்பதைப் படியுங்கள். பிறகு ஜோடிச் சொற்கள் இரண்டையும், இரண்டாவதற்குப் பின்னால் வரும் உறுப்பையும் மூடிவிட்டுப் படியுங்கள். இரண்டு முறையும் முழு வாக்கியம் கிடைத்தால் இடம் சரி.

2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியையே எடுத்துக்கொள்வோம். மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் ஒரு கடைக்காரர், 'மல்லிகைப்பூ மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கப்படும்' என்ற பலகையை ஆங்கிலத்திலும் எழுத விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாக்கியங்கள் தோன்றலாம். முதலாவது, 'போத் ஜாஸ்மின் இஸ் சோல்ட் ஹோல்சேல் அண்ட் ரீடெயில்'. 'போத்' முதல் 'அண்ட்' வரை மூடினால் 'ரீடெயில்' என்ற ஒற்றைச் சொல்தான் மிஞ்சுகிறது, இது தவறு. இரண்டாவது, 'ஜாஸ்மின் இஸ் போத் சோல்ட் ஹோல்சேல் அண்ட் ரீடெயில்'. மூடிப் பார்த்தால் 'ஜாஸ்மின் இஸ் ரீடெயில்' என்று வருகிறது. மல்லிகை சில்லறையாக விற்கப்படுகிறது என்று சொல்லவந்தவர், மல்லிகையே சில்லறை என்று சொன்னதாக ஆகிவிடுகிறது. மூன்றாவது, 'ஜாஸ்மின் இஸ் சோல்ட் போத் ஹோல்சேல் அண்ட் ரீடெயில்'. ஒரு பக்கம் மூடினால் 'ஜாஸ்மின் இஸ் சோல்ட் ரீடெயில்'. மறுபக்கம் மூடினால் 'ஜாஸ்மின் இஸ் சோல்ட் ஹோல்சேல்'. இரண்டும் நிற்கின்றன. இங்கே இணைக்கப்படுவது பூ அல்ல, விற்கும் முறை. அதனால் 'போத்' பெயரையும் வினையையும் தாண்டி அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது.

இனி, பெயருக்குப் பின்னால் ஜோடி வரும் இடங்கள். மிகச் சாதாரணமானது, எழுவாய்ப் பெயரை அடுத்து இரண்டு வினைகள் இணைவது: 'தி கண்டக்டர் நைதர் ஸ்டாப்ட் தி பஸ் நார் லுக்ட் பேக்'. நடத்துனர் ஒருவர், அவர் செய்யாதவை இரண்டு. துணைவினை இருக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். 'தி பஸ் வில் ஐதர் ஸ்டாப் அட் மேலூர் ஆர் கோ ஸ்ட்ரெய்ட் டு திருச்சி' என்பது சரி, ஏனெனில் 'வில்' ஜோடிக்கு வெளியே நின்று இரண்டு வினைகளுக்கும் பொதுவாகிறது. 'தி பஸ் ஐதர் வில் ஸ்டாப்' என்று தொடங்கிவிட்டால், 'ஆர்' என்ற சொல்லுக்குப் பின்னாலும் 'வில் கோ' என்று எழுதியே தீர வேண்டும்.

இதைவிடச் சுவையானது, பெயரை அடுத்து இரண்டு பெயரடைகள் வருவது. கேள்வியில் வந்த 'எ சிட்டி போத் ஓல்ட் அண்ட் பிஸி' இந்த வகை. ஆங்கிலத்தில் ஒற்றைப் பெயரடை பொதுவாகப் பெயருக்குப் பின்னால் வராது. 'எ சிட்டி ஓல்ட்' என்று யாரும் எழுத மாட்டார்கள். 'சம்திங் நியூ' போன்ற சில தொடர்களில்தான் அப்படி வரும். ஆனால் இரண்டு பெயரடைகள் ஜோடியாகச் சேர்ந்துவிட்டால் அந்தத் தொடருக்கு எடை கூடிவிடுகிறது, எடை கூடிய அடைமொழியை ஆங்கிலம் பெயருக்குப் பின்னால் தள்ளிவிடும். 17-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலைப் பற்றி எழுதும்போது 'எ பேலஸ் போத் கிராண்ட் அண்ட் கிரேஸ்ஃபுல்' என்று எழுதலாம். நடுத்தரக் குடும்பத்தை 'எ ஃபேமிலி நைதர் ரிச் நார் புவர்' என்று சொல்லலாம். தமிழில் அடைமொழி எவ்வளவு நீளமானாலும் பெயருக்கு முன்னால்தான் நிற்கும்: 'பழமையும் பரபரப்பும் கொண்ட ஊர்'. அடைமொழி பெயருக்கு முன்னால், 'உம்' ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் என்பது நம் அமைப்பு. ஆங்கிலத்தின் இந்தத் தொடரில் இரண்டும் அப்படியே தலைகீழாகின்றன: அடைமொழி பெயருக்குப் பின்னால், 'போத்' அடைமொழிகளுக்கு முன்னால். இதை ஒரு முறை உணர்ந்துவிட்டால், வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இருக்காது. நான் பார்த்தவரை, இந்த அமைப்பை நம் மாணவர்கள் பயன்படுத்தத் தயங்குகிறார்கள். கட்டுரை எழுதும்போது துணிந்து பயன்படுத்தலாம், ஆனால் ஒரு கட்டுரையில் ஒரு முறைக்கு மேல் வந்தால் செயற்கையாகத் தோன்றும்.

பெயரை அடுத்து 'டு', 'ஃப்ரம்', 'இன்' போன்ற முன்னிடைச்சொற்கள் வரும் தொடர்களில்தான் தேர்வுத்தாள் தயாரிப்பவர்கள் அதிகம் பொறி வைக்கிறார்கள். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து தேனிக்கும் கோயம்புத்தூருக்கும் பேருந்துகள் புறப்படுகின்றன. இதை 'பஸ்ஸஸ் போத் டு தேனி அண்ட் டு கோயம்புத்தூர் லீவ் ஃப்ரம் ஆரப்பாளையம்' என்று எழுதலாம். 'பஸ்ஸஸ் டு போத் தேனி அண்ட் கோயம்புத்தூர்' என்றும் எழுதலாம். முதல் வாக்கியத்தில் 'டு' ஜோடிக்கு உள்ளே இருப்பதால் இரண்டு முறை வருகிறது. இரண்டாவதில் வெளியே இருப்பதால் ஒரு முறை போதும். 'பஸ்ஸஸ் போத் டு தேனி அண்ட் கோயம்புத்தூர்' என்று பாதி உள்ளே, பாதி வெளியே வைப்பதுதான் பிழை. மேலே சொன்ன விரல் சோதனையைச் செய்தால் 'பஸ்ஸஸ் கோயம்புத்தூர் லீவ்' என்று அது உடனே இளித்துவிடும். ஆங்கில நாளிதழ்களிலும் இந்தப் பிழையைக் காணலாம்; அதனால் அது சரியாகிவிடாது, தேர்வில் மதிப்பெண் போவதும் நிற்காது.

'வெதர் – ஆர்' என்ற ஜோடி, 'கொஸ்டியன்', 'டிசிஷன்', 'டவுட்' போன்ற சில பெயர்களை நேரடியாகத் தொடரும். 'சாலையை அகலப்படுத்துவதா மூடுவதா என்ற முடிவு' என்பதை 'தி டிசிஷன் வெதர் டு வைடன் தி ரோட் ஆர் டு க்ளோஸ் இட்' என்று எழுதுகிறோம். இங்கும் தமிழின் வரிசை திரும்பிவிடுகிறது. நமக்கு 'முடிவு' கடைசியில், அவர்களுக்கு முதலில். இந்த இடத்தில் 'வெதர்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'இஃப்' போடக் கூடாது.

எதிர்மறைக்கு வருவோம், மதிப்பெண் போவதோடு பொருளும் மாறிப்போகும் இடம் இது. 'முருகனும் செல்வியும் வரவில்லை' என்றால் தமிழில் ஒருவரும் வரவில்லை என்றுதான் கொள்வோம். அதை அப்படியே 'போத் முருகன் அண்ட் செல்வி டிட் நாட் கம்' என்று எழுதினால், இருவரும் வரவில்லை என்றும் கொள்ளலாம், இருவருமாகச் சேர்ந்து வரவில்லை, ஒருவர் மட்டும் வந்தார் என்றும் கொள்ளலாம். அலுவலகக் கடிதத்தில் இந்த மயக்கம் வம்பில் கொண்டுபோய் விடும். 'நைதர் முருகன் நார் செல்வி கேம்' என்று எழுதினால் ஐயத்துக்கே இடமில்லை. 'நைதர்' தன்னுள் எதிர்மறையைக் கொண்டிருப்பதால், அந்த வினையில் 'நாட்' சேர்க்கக் கூடாது. பெயரும் வினையும் முடிந்த பிறகு வரும்போதும் இதே கதைதான்: 'தி ஷாப் ஹேஸ் நைதர் மல்லி நார் பிச்சி' என்பது சரி, வினையில் 'நாட்' வைக்க விரும்பினால் 'தி ஷாப் டஸ் நாட் ஹேவ் ஐதர் மல்லி ஆர் பிச்சி' என்று 'ஐதர்' போட வேண்டும்.

கேள்வி வாக்கியத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 'காபியா, டீயா?' என்று நம் கடைகளில் கேட்பதை 'காபி ஆர் டீ?' என்று கேட்டாலே போதும். 'வுட் யூ லைக் ஐதர் காபி ஆர் டீ?' என்று 'ஐதர்' சேர்த்துவிட்டால், 'இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டுமா, வேண்டாமா?' என்ற கேள்வியாகிவிடும். அதற்கு 'வேண்டும்' என்று மட்டும் பதில் வந்தால், குற்றம் கேட்டவர் மேல்தான்.

'நாட் ஒன்லி' பற்றிப் பாதி விதி மட்டுமே பலருக்குத் தெரிந்திருக்கிறது. அது வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் வினையை முன்னால் கொண்டுவர வேண்டும் என்று மனப்பாடம் செய்துவிட்டு, எல்லா இடத்திலும் அப்படியே செய்கிறார்கள். வாக்கியத் தொடக்கத்தில் நின்றாலும், அது இணைப்பது எழுவாய்ப் பெயர்களையா, முழு வாக்கியங்களையா என்று பார்க்க வேண்டும். 'நாட் ஒன்லி மதுரை பட் ஆல்சோ தி வில்லேஜஸ் அரவுண்ட் இட் செலிப்ரேட் தி ஃபெஸ்டிவல்' என்று சித்திரைத் திருவிழாவைப் பற்றி எழுதினால், இணைவது பெயர்கள், வரிசை மாறாது. 'நாட் ஒன்லி டூ தி வில்லேஜர்ஸ் கம் டு மதுரை, பட் தே ஆல்சோ கேம்ப் பை தி வைகை' என்று எழுதினால், இணைவது வாக்கியங்கள்; அங்கேதான் 'டூ' எழுவாய்க்கு முன்னால் வருகிறது. பெயருக்குப் பின்னால் வந்தால் இந்தத் தொல்லையே இல்லை: 'செல்வி இஸ் நாட் ஒன்லி எ டீச்சர் பட் ஆல்சோ எ சிங்கர்'. இங்கே 'எ' என்ற சொல்லை இரண்டு பக்கமும் எழுத மறக்காதீர்கள்.

வினை ஒருமையா பன்மையா என்பது பெயர் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. 'போத் – அண்ட்' எழுவாய்களை இணைத்தால் எப்போதும் பன்மை. மற்ற மூன்று ஜோடிகளும் எழுவாய்களை இணைத்தால் வினைக்கு அருகில் உள்ள பெயரைப் பார்க்க வேண்டும்: 'நைதர் தி டிரைவர் நார் தி பாசஞ்சர்ஸ் வேர் ஹர்ட்', பெயர்களை இடம் மாற்றினால் 'வாஸ் ஹர்ட்'. ஆனால் ஜோடி பெயருக்குப் பின்னால் வந்து அந்தப் பெயரை விளக்க மட்டும் செய்தால், வினை ஜோடியைப் பார்க்கவே பார்க்காது. 'தி டிசிஷன் வெதர் டு வைடன் தி ரோட் ஆர் டு க்ளோஸ் இட் வாஸ் போஸ்ட்போன்ட்' என்பதில் எழுவாய் 'டிசிஷன்' மட்டுமே. நடுவில் எத்தனை உறுப்புகள் வந்தாலும் ஒருமைதான்.

'போத்' போடவே கூடாத இடங்களும் உண்டு. இருவர் சேர்ந்து செய்தால்தான் நடக்கும் செயலுக்கு அது பொருந்தாது. 'போத் முருகன் அண்ட் செல்வி மெட் அட் பெரியார் பஸ் ஸ்டாண்ட்' என்று எழுதினால், ஒவ்வொருவரும் தனித்தனியே யாரைச் சந்தித்தார்கள் என்ற கேள்வி எழும். வெறும் 'முருகன் அண்ட் செல்வி மெட்' போதும். தமிழில் 'இருவரும் சந்தித்தார்கள்' என்று இயல்பாகச் சொல்வதால் நம் காதுக்கு இந்தப் பிழை தெரிவதில்லை. அதேபோல் 'போத்' இரண்டுக்கு மட்டுமே உரியது. இட்லி, தோசை, பொங்கல் என்று மூன்றாகிவிட்டால் அதை விட்டுவிட்டு 'அண்ட்' மட்டும் எழுதுங்கள். 'ஐதர்', 'நைதர்' இரண்டையும் மூன்று பொருள்களுக்கு நீட்டிப் பயன்படுத்தும் நல்ல எழுத்தாளர்கள் இருக்கிறார்கள், நான் அதைத் தவறு என்று அடிப்பதில்லை. ஆனால் போட்டித் தேர்வில் திருத்துபவரின் கொள்கை உங்களுக்குத் தெரியாது என்பதால், அங்கே இரண்டோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.